கடைசி வரிசை நாற்காலி

குழந்தைக்கு வகிடு எடுத்துக்கொண்டிருந்தாள் பெரியவள். பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து சீப்பை வாங்கிக்கொண்டது.

"நான் பின்னிக்கறேன்."

சின்னவளின் குரல். நேற்றுச் சாயங்காலம் வீடு திரும்பியதிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். பெரியவள் எதுவும் கேட்காமல் முக்காலியை விட்டு எழுந்து சுவரோரம் நின்றாள். அவள் கைவிரல்கள் மட்டும் இன்னும் சீப்பைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன.

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவனைக் கட்டியவள் பெரியவள், இளையவனைக் கட்டியவள் சின்னவள். குழந்தை சின்னவளுடையது. ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேலை சின்னவளுக்கு. பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப வேண்டி வந்தபோது, குழந்தையை யார் பார்ப்பது என்று வீடே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. "நான் பாத்துக்கறேன்" என்று பெரியவள்தான் சொன்னாள். தையல் ஆலையில் அவளுக்கு மேற்பார்வை வேலை வரும் என்று பேச்சு இருந்த சமயம் அது. மறுநாளே போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை, அவளும் பேசினதில்லை.

"வலிக்குது..." என்று குழந்தை நெளிந்தது. "பெரிம்மா பின்னட்டும்."

சின்னவளின் கை அப்படியே நின்றது. பின்கட்டில் குழாய் சொட்டுவது கேட்டது.

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். காலமெல்லாம் பேருந்துகளில் ஏறி டிக்கெட் பரிசோதித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எதைப் பார்த்தாலும் பரிசோதனைதான்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எந்தப் பள்ளின்னு சொல்லியாகணும். அப்புறம் இடமில்லைன்னு கையை விரிச்சிடுவான். நான் மூணையும் செக் பண்ணிட்டேன். தண்ணித்தொட்டிதான் முதல். பஸ் ஸ்டாண்டு அடுத்தது. சந்தை... அது சந்தைதான்."

அந்த வட்டாரத்தில் அரசுப் பாலர் பள்ளிகள் மூன்று. ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சு. மாமனார் ஒவ்வொரு பள்ளிக்கும் எதிரே, விடும் நேரத்தில் போய் நின்று, வெளியே வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "முகத்துல தெரிஞ்சிடும்மா. டிக்கெட் வாங்காதவன் முகம் வேற, வாங்கினவன் முகம் வேற."

உள்ளே போய்ப் பார்த்தது பெரியவள். எல்லாப் பள்ளிகளிலும் ஒரு வழக்கம் உண்டு. சேர்ப்பதற்கு முன்னால் ஒரு காலை முழுக்கப் பிள்ளையோடு பெரியவர் ஒருவர் வகுப்பில் உட்கார வேண்டும். நடுவில் அவரை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளை எப்படி இருக்கிறது, திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்று ஆசிரியை கவனிப்பாள். சந்தைப் பள்ளியில் ஒரே கூடத்தில் ஏகப்பட்ட பிள்ளைகள். வெளியே ஏலம் கூவுகிறவனை மீறிப் பாட வேண்டியிருந்ததால் தொண்டை கிழியப் பாடினார்கள். பஸ் ஸ்டாண்டுப் பள்ளியில் பேருந்து பின்வாங்கும்போதெல்லாம் சுவர் அதிர்ந்தது. ஆனால் முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்காக விடியும்போதே திறந்துவிடுவார்கள். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தோளிலிருந்து அப்படியே பாயில் இறக்கிவிட்டு ஓடுவார்கள் அம்மாக்கள். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த பள்ளியோ இந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நிழல், குழந்தை எட்டிப் பார்க்கிற உயரத்தில் ஜன்னல், சின்னச் சின்னக் கழிப்பறை. ஊரே அந்தப் பள்ளிக்குத்தான் அலைந்தது. அங்கே மட்டும் ஒரு கண்டிப்பு. கடைசி வரிசையில் போட்டிருக்கும் நாற்காலியில் அம்மாவோ அப்பாவோதான் உட்காரலாம்.

"அப்போ தண்ணித்தொட்டின்னே சொல்லிடலாமா?" என்று கேட்டார் மாமனார்.

"சொல்லுங்க மாமா. ஆனா என்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது?" சின்னவள் பின்னலை முடித்து ரிப்பனை இறுக்கினாள். "அங்கதான் அவ அம்மா ஏற்கனவே வந்துட்டுப் போயிட்டாளே."

பெரியவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

"என்னம்மா சொல்றே?" என்றான் மூத்தவன். வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"நேத்து அரை நாள் லீவு போட்டுட்டு அந்தப் பள்ளிக்குப் போனேன் அத்தான். என் பொண்ணைச் சேக்கணும்னேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பாத்தாங்க. 'அவங்கம்மா போன வாரமே வந்து உக்காந்தாங்களே'ன்னாங்க." சின்னவளின் உதடு கோணியது. "அப்புறம் கேட்டாங்க... 'நீங்க சித்தியா?'ன்னு. பெத்தவளைப் பாத்து."

குழந்தை ரிப்பன் நுனியை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது.

மூத்தவன் மனைவியின் பக்கம் திரும்பினான். "நீ அம்மான்னு சொல்லிட்டு வந்தியா?"

"அங்க அம்மா இல்லேன்னா உள்ள விட மாட்டேன்னாங்க... இவளுக்கு லீவு கிடைக்கலை, கொழுந்தன் ராத்திரி வேலை முடிஞ்சு வரலை. அன்னைக்கு விட்டா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. சொன்னியா, இல்லையா?"

"கேட்டாங்க. தலையாட்டினேன்."

"அசிங்கமா இல்லை உனக்கு? அடுத்தவ பிள்ளையை என் பிள்ளைன்னு..."

அடுத்தவ பிள்ளை. அந்த வார்த்தை அவளுக்குள் எங்கேயோ போய் விழுந்து, விழுந்த சத்தம்கூடக் கேட்காமல் போயிற்று.

சின்னவள் பையை மாட்டிக்கொண்டாள். "நீங்க செஞ்சதையெல்லாம் நான் மறக்கலை அக்கா. ராத்திரி பகல்னு பாக்காம வளத்தீங்க. அதுக்காக என்னையே அழிச்சிட்டு நீங்க நிக்கணுமா? ஆஸ்பத்திரி குடியிருப்புல ஒரு அறை காலியா இருக்காம். இன்னைக்குக் கேட்டுட்டு வரேன். எந்தப் பள்ளின்னு அப்புறம் நானே பாத்துக்கறேன்."

அவள் போன பிறகு மூத்தவனும் போனான். போகும்போது மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. இளையவன் ரொட்டி அடுப்பில் இரவு வேலை முடித்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான்; அவனுக்கு ஒன்றும் தெரியாது.

பெரியவள் தரையில் கிடந்த சீப்பை எடுத்தாள். பற்களில் சுற்றியிருந்த மெல்லிய முடியை ஒவ்வொன்றாக உருவினாள். அழுகை வரவில்லை. அழுதால் தேவலை என்று இருந்தது. ஏனென்றால் அவள் கணவன் கேட்டது பாதிதான். மீதி அவளுக்கு மட்டுமே தெரியும்.

போன வாரம் பள்ளியில் நடு நேரத்தில் அவளை வராந்தாவுக்கு அனுப்பினார்கள். திரும்ப அழைத்தபோது குழந்தை பொம்மையை வீசிவிட்டு ஓடி வந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டது. "அம்மாவை விட்டு இருக்க மாட்டா போலிருக்கே" என்று சிரித்தாள் ஆசிரியை. பெரியவளும் சிரித்தாள். அதுவரைக்கும் பள்ளிக்காகச் சொன்ன பொய். ஆனால் வீட்டுக்கு நேர் வழியில் வரவில்லை அவள். கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். பாத்திரக்கடையில் குழந்தைக்கு மூடிபோட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கினாள். கடைக்காரர் குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "உங்க பொண்ணா?" என்று கேட்டார்.

அங்கே எந்தப் பள்ளியும் இல்லை, எந்தக் கண்டிப்பும் இல்லை. இடம் போய்விடும் என்ற பயமும் இல்லை.

"ஆமா" என்றாள் அவள். வாய் நிறையச் சொன்னாள்.

அந்த ஒரு சொல்லின் ருசி வீடு வரும்வரை நாக்கில் இருந்தது. இப்போது அதை நினைத்தபோது, நடுத்தெருவில் சேலை அவிழ்ந்து நின்றதுபோல உடம்பு கூசியது.

"மாமா, குழந்தையைக் கொஞ்சம் பாத்துக்கங்க. ஒரு எட்டு வெளியில போயிட்டு வந்துடறேன்."

மாமனார் அவள் முகத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே பிழைத்த மனிதர். "போயிட்டு வாம்மா" என்றார், வேறொன்றும் கேட்காமல்.

தண்ணீர்த் தொட்டிப் பள்ளியில் பிள்ளைகள் கை கழுவ வரிசையில் நின்றிருந்தார்கள். வராந்தாவில் நின்றபடியே பெரியவள் ஆசிரியையிடம் சொல்லி முடித்தாள். நான் அம்மா இல்லை, பெரியம்மா. நேற்று வந்தவள்தான் பெற்றவள். நான் பொய் சொன்னேன். மூன்று வாக்கியம். அதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

ஆசிரியை கோபப்படவில்லை. கையிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நீங்க சொன்ன பொய்யை விடுங்க. நான் அவங்களைப் பாத்து சித்தியான்னு கேட்டுட்டேனே... அவங்க முகம் போன போக்கு ராத்திரியெல்லாம் கண்ணு முன்னாடி நின்னுச்சு. இடத்தை நான் நிறுத்தி வைக்கறேன். நாளைக்கு அவங்களையே வந்து உக்காரச் சொல்லுங்க."

வாசலைத் தாண்டும்போது கேட் பார்க்கும் பெண் அவளை நிறுத்தினாள். ஸ்டூலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள், கேட்காமலே பேசுகிற ரகம்.

"அந்த வெள்ளைக் கோட்டு அம்மா உங்க வீடா? நேத்து அழுதுக்கிட்டே போச்சு, பாவம். அது என்ன வழக்கமோ தெரியலை. போன வாரம் நீங்க உள்ள உக்காந்திருந்தீங்க பாருங்க, அன்னைக்கும் வந்துச்சு."

பெரியவள் திரும்பி நின்றாள். "அன்னைக்கா?"

"ஆமா. அதோ, அந்த மரத்தடியில. காலையிலேருந்து நின்னுச்சு. உள்ள வாம்மா, நிழல்ல உக்காருன்னேன். 'இல்ல, சும்மாதான்'னு சொல்லிச்சு. பள்ளிக்கூடத்து எதிர்ல யாராவது சும்மா நிப்பாங்களா? நீங்க பிள்ளையைத் தூக்கிட்டு வெளிய வந்தீங்க. அது மரத்துக்குப் பின்னாடி போயிடுச்சு."

பெரியவள் மரத்தைப் பார்த்தாள். ஒரு ஆள் மறையும் அளவுக்கு அகலமான அடிமரம்.

லீவு கிடைக்கவில்லை என்றாளே சின்னவள். கிடைத்திருக்கிறது. வந்திருக்கிறாள். வாசல்வரை வந்து, உள்ளே வராமல் நின்றிருக்கிறாள். வீட்டில் இதைப் போட்டு உடைத்தால் போதும். காலையில் பட்ட அவமானமெல்லாம் அப்படியே அவள் தலையில் போய் இறங்கிவிடும். ஒரு கணம் அந்த நினைப்பு இனித்தது. அந்த இனிப்பும் கடைக்காரரிடம் 'ஆமா' சொன்ன அதே இனிப்புதான் என்று தெரிந்ததும், பெரியவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரிப் பேருந்தில் ஏறினாள்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் கூட்டம். அவளும் வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் உள்ளே போய், மேசையின் மேல் இருந்த சின்னத் தலையணையில் கையை நீட்டினாள். சின்னவள் குனிந்தபடியே ரப்பர் பட்டையைச் சுற்றி, "கையை இறுக்கி மூடுங்க" என்றாள். பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. நிமிர்ந்தாள்.

"எதுக்கு இங்க வந்தீங்க?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். வீட்டுல சொல்ல முடியாது."

"வேலை நேரம் அக்கா. வெளிய எத்தனை பேர் காத்திருக்காங்க, பாத்தீங்கல்ல?"

"சுருக்கமா சொல்லிடறேன்." பட்டை இறுகிய கை சிவந்துகொண்டிருந்தது. "பள்ளியில சொன்னது இடத்துக்காகன்னு காலையில சொன்னேன். அது நிஜம்தான். ஆனா வர்ற வழியில பாத்திரக்கடைக்காரர் உங்க பொண்ணான்னு கேட்டார். அவர்கிட்டயும் ஆமான்னேன். அதுக்குச் சாக்கே இல்லை. ஆசையா இருந்துச்சு, சொன்னேன். நீ என்னை என்ன சொன்னாலும் அதுக்குத் தகும்."

சின்னவள் பேசாமல் பட்டையை அவிழ்த்தாள். அவிழ்த்த பிறகும் கையை விடவில்லை.

"பள்ளிக்குப் போய் டீச்சர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். நாளைக்கு உன்னை வரச் சொன்னாங்க. நீ உள்ள வந்து உக்காரு. மரத்தடியில நிக்காதே."

பஞ்சு டப்பாவின் மேல் இருந்த சின்னவளின் பார்வை அசையவில்லை. வெளியே யாரோ இருமினார்கள். மிக மெல்லிய குரலில் பேசினாள்.

"யாரு சொன்னா?"

"கேட்டுல இருக்கறவங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை. சொல்லவும் மாட்டேன்."

"பயமா இருந்துச்சு அக்கா." கண்ணீர் கையுறையின் மேல் விழுந்தது. "நடுவுல வெளிய அனுப்பிட்டுத் திரும்பக் கூப்பிடுவாங்களாமே... அப்போ அவ என்கிட்ட ஓடி வரலைன்னா? அத்தனை பேர் பாக்க, பொம்மையை வச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்திருந்தான்னா? நாள் முழுக்க இங்க என்னைப் பாத்தாலே பிள்ளைங்க அழுதுங்க. வீட்டுக்கு வந்தா அவளும் ஸ்பிரிட் வாசனைன்னு மூஞ்சியைத் திருப்பிக்கறா. அதான் லீவு கிடைக்கலைன்னு பொய் சொன்னேன். உங்களை அனுப்பிட்டு, அங்க நின்னு... அவ உங்ககிட்ட ஓடினதை ஜன்னல் வழியா பாத்தேன். நானே உங்களை அனுப்பினேன். நானே உங்க மேல பழியைப் போட்டேன்."

"என்னம்மா," என்று கதவருகே ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார், "ரத்தம் எடுக்கறீங்களா, கதை கேக்கறீங்களா? காலையிலேருந்து பட்டினி நான்."

"இதோ, முடிஞ்சுது ஐயா." சின்னவள் முழங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

எழுந்துகொண்டே பெரியவள் சொன்னாள். "இன்னொண்ணு. தண்ணித்தொட்டி வேண்டாம். பஸ் ஸ்டாண்டுப் பள்ளியில சேத்துடு."

"என்ன அக்கா இது? ஊரே அங்க இடம் கிடைக்காதான்னு..."

"நல்ல பள்ளிதான். ஆனா அது திறக்கறதுக்குள்ள நீ வேலைக்கு வந்துடுவே. அது விடும்போதும் இங்கதான் இருப்பே. கொண்டு விடறது நானு, கூட்டிட்டு வர்றது நானு. இன்னும் நாலு பேர் என்னைக் கேப்பாங்க, உங்க பொண்ணான்னு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பஸ் ஸ்டாண்டு உன் வழியில இருக்கு. காலையில நீ கூட்டிட்டுப் போ, சாயங்காலம் நீயே கூட்டிட்டு வா. சுவர் அதிரும், அவ்வளவுதான். அந்த டீச்சர் தரையில உக்காந்துதான் பிள்ளைங்களோட பேசறா. அங்க அம்மாக்களுக்கு நாற்காலியே கிடையாது, பாயிலதான் உக்காரணும்."

"அப்போ உங்களுக்கு?"

பெரியவள் கதவைத் தாண்டும்போது அந்தப் பசித்த மனிதருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

அன்று சாயங்காலம் குடியிருப்பு அறையைப் பற்றி யாரும் வாய் திறக்கும் முன்னால், சின்னவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று சொன்னாள்.

"அத்தான், மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. எனக்கு அன்னைக்கு லீவு கிடைச்சுது. நான்தான் பயந்துக்கிட்டு உள்ள போகலை. பொய் சொன்னது நான். அக்கா அதை நம்பி என் இடத்துல உக்காரப்போய்க் கெட்ட பேர் வாங்கிக்கிட்டாங்க. காலையில நீங்க அவங்களைப் பேசினதெல்லாம் என்னைப் பேசியிருக்கணும்."

மூத்தவன் தலை குனிந்தான். "தெரியாம பேசிட்டேன்" என்றான், மனைவியைப் பார்த்தல்ல, தரையைப் பார்த்து. அவனால் முடிந்தது அவ்வளவுதான். உள்ளறையிலிருந்து தூக்கம் கலைந்து வந்த இளையவன், "என்ன ஆச்சு?" என்று கேட்டான். "உனக்கு எந்தச் சேதியும் ஆறின பிறகுதான் வரும்" என்றார் மாமனார். "போய் முகத்தைக் கழுவு."

பாத்திரக்கடையைப் பற்றிச் சின்னவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியவள் காத்திருந்தாள். கடைசிவரை சொல்லவில்லை. அப்போதுதான் பெரியவளுக்கு அழுகை வந்தது. சின்னவள் வந்து அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். சின்னவளின் தோளில் ஸ்பிரிட் வாசனை அடித்தது.

"பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லிட்டு வந்துட்டேன் மாமா" என்றாள் சின்னவள், அழுகைக்கு நடுவே.

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பிள்ளைங்க வெளிய வரும்போது ஒண்ணு கவனிச்சேன். ஒவ்வொண்ணும் அவங்கவங்க அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருது. நான்தான் ரெண்டாவதுன்னு மார்க் போட்டுட்டேன்."

பள்ளி திறந்த அன்று காலை, வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. முக்காலியில் குழந்தை தூங்கி வழிந்தது. சின்னவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அக்கா, வகிடு எனக்குக் கோணிக்கிட்டே போகுது. நீங்க எடுத்துக் குடுங்க. பின்னல் நான் போட்டுக்கறேன்."

பெரியவள் வகிடு எடுத்தாள். சின்னவள் பின்னினாள். குழந்தை வலிக்கிறது என்று சொன்னது. ஆனால் யார் பின்ன வேண்டும் என்று சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்தில்தான் கஷ்டம் வந்தது. குழந்தை பெரியவளின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. பெரியவள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சின்னவளின் கைக்குள் வைத்து மூடினாள். "அம்மாவோட போ. சாயங்காலம் வந்து எனக்கு எல்லாம் சொல்லணும்." பேருந்து கிளம்பும்போது சின்னவள் ஜன்னல் வழியாக, "அக்கா, நாளைக்கு ஆலையில மறுபடி வேலை கேட்டுப் பாருங்க" என்றாள். பெரியவள் கையை ஆட்டினாள். பேருந்து திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும் வழி இரண்டு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கடைத்தெரு வழியாக நடந்தாள்.

பாத்திரக்கடைக்காரர் அப்போதுதான் கடையைத் திறந்து வாளிகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்னம்மா, பொண்ணு பள்ளிக்கூடம் போயாச்சா?"

பெரியவள் நின்றாள். போயாச்சு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடலாம். இவருக்கு என்ன தெரியப்போகிறது?

"போயிட்டா. ஆனா அவ என் பொண்ணு இல்லீங்க. என் கொழுந்தன் பொண்ணு. அன்னைக்கு நீங்க கேட்டப்போ தப்பா சொல்லிட்டேன்."

சொல்லும்போது காது மடல்வரை சுட்டது. கடைக்காரர் ஒரு வாளியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். எதற்காக இதைத் தன்னிடம் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை.

"அப்படியா, சரிம்மா" என்றார். பிறகு, "பாட்டில் ஒழுகலையே?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் பெரியவள். "நல்லா இருக்கு."